தங்கக் கால்சட்டை யாருடையது?

கருத்துணர்தல் பகுதிக்கு விளையாட்டு பற்றிய பனுவல் தேடினால் நமக்குப் பெரும்பாலும் கிடைப்பவை வீரர் வரலாறுகள்தாம். உழைத்தார், உயர்ந்தார், கோப்பை வாங்கினார் என்று முடிந்துவிடும். இந்தக் கட்டுரை கோப்பையைப் பற்றியது அல்ல. கட்டைவிரல் அகலம்கூட இல்லாத ஒரு சின்னப் பதக்கத்தைப் பற்றியது.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் என்று ஒன்று உண்டு. அதன் காற்பந்து அணி, அண்டை மாநிலமான மிச்சிகனின் பல்கலைக்கழக அணியை வெல்லும் ஆண்டுகளில் மட்டும், அணியிலுள்ள ஒவ்வொருவருக்கும் கால்சட்டை வடிவத்தில் பொன்னிறப் பதக்கம் ஒன்று கொடுக்கப்படும். அதற்குப் பெயரே ‘தங்கக் கால்சட்டை’தான். மலேசியப் பேச்சு வழக்கில் சொன்னால் தங்கச் சிலுவார்! சிரிப்பு வரும். ஆனால் அதில் ஒன்றை ஒரு மாணவர் விற்றது 2010இல் வெளிவந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பருவத்தின் 12 வெற்றிகளும் பதிவேட்டிலிருந்து போயின. தலைமைப் பயிற்றுநர் பதவி விலகினார்.

“அவருக்குக் கொடுத்த பொருளை அவர் வித்தா யாருக்கு என்ன?” என்று வகுப்பில் ஒரு மாணவராவது கேட்பார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேட வேண்டுமென்றால் அந்தப் பதக்கம் எப்படி வந்தது, அந்த ஊர் மக்கள் அதை ஏன் அப்படிக் கொண்டாடுகிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு முன்குறிப்பு. இங்கே காற்பந்து என்பது நாம் திடலில் உதைக்கும் பந்து அல்ல. முட்டை வடிவப் பந்து. பெரும்பாலும் கையால் எறிந்தும், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியும் ஆடுவது. அணிக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜ தூரம் முன்னேறினால் ஆட்டத்தைத் தொடரலாம். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போகும். எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டுசேர்த்தால் 6 புள்ளி. இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பஸ் நகரில் அமெரிக்கக் காற்பந்துக்குத் தொழில்முறை அணி கிடையாது. அதே மாநிலத்தில் கிளீவ்லாந்துக்கும் சின்சினாட்டிக்கும் உண்டு. தலைநகரான கொலம்பசுக்கு இந்த மாணவர் அணிதான் எல்லாமே. அந்தப் பல்கலைக்கழகத்தில் கால் வைக்காதவர்கள்கூட “நம்ம அணி” என்றுதான் சொல்வார்கள்.

எல்லைச் சண்டையும் திடல் சண்டையும்

ஒஹாயோவுக்கும் மிச்சிகனுக்கும் பகை காற்பந்தால் வந்ததல்ல. டொலிடோ என்ற ஊரை ஒட்டிய ஒரு துண்டு நிலம் யாருக்கு என்று 1835, 1836ஆம் ஆண்டுகளில் இரண்டு தரப்பும் படை திரட்டும் அளவுக்குப் போயின. பெரிய போர் எதுவும் நடக்கவில்லை. முடிவில் டொலிடோ ஒஹாயோவுக்குப் போனது. மிச்சிகனுக்கு வடக்கே ஒரு பெரிய தீபகற்பம் கிடைத்து, 1837இல் அது மாநிலமானது. யாருக்கு லாபம் என்பதை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் வேடிக்கையாக வாதாடுவதுண்டு.

பல்கலைக்கழகம் 1870இல் வேளாண்மை, தொழிற்கல்விக் கல்லூரியாகத் தொடங்கி 1878இல் இப்போதைய பெயரைப் பெற்றது. 1890இல் முதல் காற்பந்து ஆட்டம். மிச்சிகனோடு முதன்முதலாக 1897இல் மோதியபோது 34க்குச் சுழியம் என்று தோற்றது. 1902இல் அதைவிட மோசம்: 86க்குச் சுழியம். 1919 வரை மிச்சிகனை ஒருமுறைகூட வெல்ல முடியவில்லை. அந்த ஆண்டு சிக் ஹார்லி என்ற மாணவர் இருந்தார். கொலம்பஸ் நகரிலேயே வளர்ந்த பையன். அவர் ஆடிய அணி 13க்கு 3 என்று வென்றது. அவர் ஆட்டத்தைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தால்தான் பழைய திடல் போதாமல், குதிரை லாட வடிவில் மாபெரும் அரங்கம் கட்டப்பட்டது. 1922இல் அதன் அர்ப்பண விழா ஆட்டத்துக்கு மிச்சிகனையே அழைத்தார்கள். 19க்குச் சுழியம் என்று தோற்றார்கள். புதுமனை புகுவிழாவுக்கு வந்த விருந்தாளி வீட்டுக்காரனை அடித்துவிட்டுப் போன கதைதான். இன்று அந்த அரங்கில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமரலாம்.

இந்தத் தோல்வி வரலாற்றைத் தெரிந்துகொண்டால்தான் 1934 புரியும். அந்த ஆண்டு பிரான்சிஸ் ஷ்மிட் புதிய பயிற்றுநராக வந்தார். மிச்சிகனை வெல்ல முடியுமா என்று கேட்டார்கள். அவர்களும் எல்லாரையும் போல ஒவ்வொரு காலாக விட்டுத்தானே கால்சட்டை போடுகிறார்கள் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அமெரிக்கர்களிடம் இது பழகிப்போன பேச்சு. நாம் என்றால் “அவங்களும் சோறுதானே திங்கிறாங்க?” என்போம். அந்த ஆண்டு ஒஹாயோ 34க்குச் சுழியம் என்று வென்றது. உள்ளூர்ப் பிரமுகர்கள் சிலர் மகிழ்ந்துபோய்ச் சங்கம் அமைத்து, பயிற்றுநரின் பேச்சை அப்படியே பொருளாக்கிவிட்டார்கள். ஆளுக்கொரு சின்னக் கால்சட்டை. அதில் ஆண்டு, ஆட்டக்காரர் பெயரின் முதலெழுத்துகள், புள்ளிக்கணக்கு. அடுத்த மூன்று ஆண்டுகளும் ஒஹாயோ மிச்சிகனை ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் வென்றது. வழக்கம் நிலைத்துவிட்டது.

பணம் கொடுத்துக் கடையில் வாங்கக்கூடிய பொருள் அல்ல அது. ஆடி வென்றால்தான் கிடைக்கும்; அதுவும் அந்த ஒரே ஆட்டத்தை வென்றால். இதனால்தான் அங்கே முன்னாள் ஆட்டக்காரர் ஒருவரைப் பாராட்டும்போது அவரிடம் எத்தனை கால்சட்டை இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

எழுத்தைக் கொண்டாடும் ரசிகர்கள்

மொழி ஆசிரியர்களாகிய நமக்கு இந்த ரசிகர்களிடம் பிடித்துப்போக ஒரு காரணம் உண்டு. இவர்களுடைய மரபுகளில் பாதி எழுத்தைச் சுற்றியே இருக்கிறது.

பல்கலைக்கழகத்தின் பித்தளை வாத்தியக் குழு அணிவகுத்து, திடல் முழுக்க ‘ஒஹாயோ’ என்ற சொல்லை ஆங்கிலக் கையெழுத்து வடிவில் எழுதும். வாத்தியக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வளைந்து நெளிந்து நடந்தே எழுதுவார்கள். பேனா முனை தாளில் ஓடுவதுபோல இருக்கும். 1936 முதல் இது நடக்கிறது. கடைசியில் ‘ஐ’ என்ற எழுத்தின் தலைமேல் புள்ளி வைக்க வேண்டும் அல்லவா? அதற்கு ஒருவர் தனியாக வருவார். தோளில் சுற்றிப் போட்டுக்கொள்ளும் சூசஃபோன் என்ற பெரிய குழலை வாசிக்கும் மூத்த மாணவருக்குத்தான் அந்தப் பெருமை. துள்ளி நடந்து வந்து, புள்ளி இடவேண்டிய இடத்தில் நின்று, தொப்பியைக் கழற்றி, இருபக்கக் கூட்டத்துக்கும் தாழக் குனிந்து வணங்குவார். அரங்கம் அதிரும். விண்வெளி வீரர் ஜான் கிளென் போன்ற சிலருக்கு அந்த இடத்தில் நிற்கும் வாய்ப்பு மரியாதைக்காகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு புள்ளி வைக்க இவ்வளவு கொண்டாட்டமா என்று நினைக்கலாம். நம் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே வைக்காமல் விட்டு, எது மெய் எது உயிர்மெய் என்று பிற்காலத்தாரைத் திண்டாடவிட்டார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறக்கும் மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பார்க்கலாம்.

அடுத்தது, எதிரியின் பெயரைச் சொல்லாமை. உட்டி ஹேய்ஸ் என்ற பயிற்றுநர் 1951 முதல் 1978 வரை இருந்தார். மிச்சிகன் என்று வாயால் சொல்ல விரும்பமாட்டார். வடக்கே இருக்கிற அந்த அணி என்றுதான் குறிப்பிடுவார். ரசிகர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். மிச்சிகன் ஆட்டம் வரும் வாரத்தில் வளாகத்துப் பலகைகளில் உள்ள ‘எம்’ எழுத்தின்மேல் எல்லாம் சிவப்பு நாடாவால் பெருக்கல் குறி போட்டு மறைத்துவிடுவார்கள். இலக்கணத்தில் தகுதி வழக்கு நடத்துகிறவர்களுக்கு இது கைகொடுக்கும். நன்னூல் சொல்லும் மூன்றில் குழூஉக்குறி, ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் ஒன்றை வேறு பெயரால் வழங்குவது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது பாடநூல் எடுத்துக்காட்டு. ‘வடக்கே இருக்கிற அணி’யும் ஏறக்குறைய அந்த வகைதான். இரவில் பாம்பு என்று சொல்லாமல் ‘பூச்சி’ என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதற்குப் பக்கத்து வீடு, காரணம்தான் வேறு. அங்கே அச்சம், இங்கே வீம்பு.

இன்னொரு செய்தி கேட்டால் நம்ப முடியாது. ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வரும் ‘தி’ என்ற சுட்டுச்சொல்லுக்கு இந்தப் பல்கலைக்கழகம் வணிக முத்திரை உரிமை வாங்கியிருக்கிறது. 2019இல் விண்ணப்பித்து 2022இல் பெற்றது. பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர் ‘தி’ என்று தொடங்குகிறது; முன்னாள் மாணவர்கள் அந்தச் சொல்லை அழுத்திச் சொல்வதைப் பெருமையாக வைத்திருக்கிறார்கள். உரிமை, விளையாட்டு ரசிகர்களுக்கு விற்கும் சட்டைக்கும் தொப்பிக்கும் மட்டும்தான். பயப்பட வேண்டாம், ஆங்கிலப் பாடத்தில் வழக்கம்போல எழுதலாம்.

இந்தச் செய்தியைச் சும்மா வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒரு சின்னச் சொல்லைக்கூடச் சரக்காக்கி விற்கத் தெரிந்த பெரிய வணிகம் இது. சட்டை, தொப்பி, கோப்பை, கழுத்துமாலை எல்லாம் கடையில் உண்டு. ஒஹாயோ மாநில மரமான ‘பக்கை’யின் கொட்டையைக் கோத்து மாலையாகப் போட்டுக்கொண்டு அரங்குக்கு வருவார்கள். பளபளக்கும் பழுப்பு நிறத்தில் வெளிறிய ஒரு வட்டம், மான் கண் போல; பெயருக்குக் காரணமும் அதுதான். அணிக்கும் அதுவே செல்லப்பெயர். நன்றாக ஆடியவரின் தலைக்கவசத்தில் அந்த மரத்து இலை வடிவ ஒட்டுவில்லை ஒன்று ஒட்டப்படும். பருவம் முடியும்போது சிலருடைய கவசம் இலையால் மூடியிருக்கும். அதுவும் ஒரு நினைவுப்பொருள்தான். அதையும் சேகரிப்பவர்கள் விலை கொடுத்து வாங்க ஆசைப்படுவார்கள்.

பச்சை குத்திய கடை

இனி 2010க்கு வருவோம். கொலம்பசில் பச்சை குத்தும் கடைக்காரர் ஒருவரைப் போதைப்பொருள் வழக்கில் மத்திய அதிகாரிகள் விசாரித்தார்கள். அவரிடம் ஒஹாயோ அணியின் நினைவுப்பொருள்கள் பல கிடைத்தன. ஆட்டக்காரர்கள் அவற்றைப் பணத்துக்கு விற்றும், பச்சை குத்திக்கொள்ள மாற்றாகக் கொடுத்தும் இருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஐந்து மாணவர்களுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டது: அடுத்த பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்களில் ஆடக்கூடாது, பெற்ற பயனுக்கு ஈடான தொகையை, ஆளுக்கு 1,000 முதல் 2,500 டாலர் வரை, அறப்பணிக்குக் கொடுத்துவிட வேண்டும். அதிகத் தொகை டெரல் பிரையருக்கு. அணியின் ஆட்டத்தை நடத்தும் முதன்மை ஆட்டக்காரர் அவர். அவர் விற்றவற்றில் 2008ஆம் ஆண்டின் தங்கக் கால்சட்டையும் ஒன்று.

ஏன் தண்டனை? அப்போது கல்லூரி விளையாட்டை ஆளும் தேசியச் சங்கத்தின் விதி இது: மாணவ விளையாட்டாளர் கட்டணமற்ற ஆர்வலர். படிப்புக்கு உபகாரச் சம்பளம் பெறலாம். தன் விளையாட்டுப் புகழை வைத்து வேறு எந்த வருமானமும் பெறக்கூடாது. தனக்குப் பரிசாகக் கிடைத்த பொருளை விற்பதும் அதில் அடங்கும். ஆக, கால்சட்டை அவருடையதுதான். ஆனால் அணியில் இருக்கும்வரை விற்கும் உரிமை அவருக்கில்லை. ‘உடைமை’ என்ற சொல்லை வகுப்பில் விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. வைத்துக்கொள்ளலாம், அணியலாம், பூட்டி வைக்கலாம். விற்க முடியாது என்றால் அது முழு உடைமையா?

இதில் இரண்டு பக்கத்து நியாயத்தையும் மாணவர்கள் பார்க்க வேண்டும். விதி தெரிந்தே மீறப்பட்டது. அணியின் மற்றவர்கள் எல்லாரும் அதன் விலையைக் கொடுத்தார்கள். பழைய ஆட்டக்காரர்களுக்கும் ரசிகர்களுக்கும் விதியைவிட வேறொன்று வலித்தது. “கால்சட்டையைப் போய் விக்கலாமா?” என்பதுதான் அவர்கள் கேள்வி. தாலியை அடகு வைத்ததுபோல அவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும். தாலியை அடகு வைக்கிற வீட்டில் என்ன நிலைமை என்று கேட்பவரும் உண்டுதானே? பிரையர் பின்னாளில் காரணம் சொன்னார்: தாயின் எரிவாயுக் கட்டணத்துக்கும் வாடகைக்கும் உதவவே விற்றேன் என்றார்.

மறுபக்கத்தைப் பாருங்கள். கடைகளில் ஆட்டக்காரரின் எண் பொறித்த சட்டை விற்பனையானது. பெயர் அச்சிடமாட்டார்கள், எண் மட்டும் இருக்கும். யாருடைய எண் என்று குழந்தைக்கும் தெரியும். அந்தப் பணத்தில் ஆட்டக்காரருக்கு ஒரு காசு கிடையாது. தலைமைப் பயிற்றுநர் ஜிம் டிரெசலின் ஆண்டுச் சம்பளமோ மூன்று மில்லியன் டாலருக்கும் மேல். நினைவுப்பொருளை விற்கக்கூடாது என்ற விதி எல்லாருக்கும் பொதுவாக இருந்திருந்தால் அதை மதித்திருக்கலாம். அதை உருவாக்கிய உழைப்புக்குரியவர் ஒருவர்மட்டும் விற்கக்கூடாது என்பது நியாயமாகத் தோன்றவில்லை.

பயிற்றுநரின் தவறு வேறு வகை. 2010 ஏப்ரலிலேயே அவருக்கு மின்னஞ்சலில் செய்தி வந்திருந்தது. மேலிடத்துக்குச் சொல்லவில்லை. விதிமீறல் எதுவும் தெரியாது என்ற உறுதிமொழிப் படிவத்திலும் அந்தச் செப்டம்பரில் கையெழுத்திட்டார். உண்மை வெளிவந்து 2011 மே 30இல் பதவி விலகினார். பல்கலைக்கழகம் 2010ஆம் பருவத்தின் வெற்றிகள் அனைத்தையும் விட்டுக்கொடுத்தது. மிச்சிகனை 37க்கு 7 என்று வென்றதும் அதில் அடக்கம். வேடிக்கை என்னவென்றால், இப்படி விட்டுக்கொடுத்தால் எதிரணிக்கு வெற்றி சேராது. மிச்சிகன் தோற்றது தோற்றதுதான். ஆனால் அவர்களை வென்றவர் யாருமில்லை. 2012இல் ஒஹாயோ எல்லா ஆட்டங்களையும், பன்னிரண்டையும், வென்றும் தண்டனை காரணமாகப் பருவ இறுதிப் போட்டிக்குப் போக முடியவில்லை. அந்த அணியில் ஆடிய பலர் பச்சைகுத்தும் கடைப் பக்கமே போகாதவர்கள்.

அதே 2012 நவம்பரில் மிச்சிகன் ஆட்டத்தின் இடையே, 2002இல் பட்டம் வென்ற அணியைப் பாராட்ட அழைத்தார்கள். டிரெசலும் வந்தார். பழைய மாணவர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள், அரங்கம் கைதட்டியது. 2025இல் அவர் ஒஹாயோ மாநிலத்தின் துணை ஆளுநரானார். பிரையரோ 2011இல் பல்கலைக்கழகத்தோடு ஐந்து ஆண்டுகள் தொடர்பு வைத்துக்கொள்ளக்கூடாது என்று விலக்கி வைக்கப்பட்டார். செய்தியை மறைத்தவருக்குக் கைதட்டல், சங்கிலியில் தொங்கும் கால்சட்டையை விற்றவருக்கு வாசல் அடைப்பு. இதை வாதக் கட்டுரைக்குத் தலைப்பாகக் கொடுத்தால் மாணவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள்.

விதி மாறியது

2021 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தேசியச் சங்கத்துக்கு எதிராக ஒன்பது நீதிபதிகளும் ஒத்த கருத்தோடு ஒரு தீர்ப்பு வழங்கியது. கல்வி சார்ந்த சலுகைகளுக்குச் சங்கம் வரம்பு போடக்கூடாது என்பதே வழக்கு. ஆனால் பழைய கட்டுப்பாடு முழுவதும் ஆட்டம் கண்டது. ஜூலை 1 முதல் மாணவ விளையாட்டாளர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு வருமானம் ஈட்டலாம் என்று சங்கமே வழிவிட்டது. கையெழுத்து விற்கலாம், விளம்பரத்தில் வரலாம். அந்த மாதமே பிரையர் உள்ளிட்ட ஐவரும் தங்கள் பழைய சாதனைகளைப் பதிவேட்டில் திரும்பச் சேர்க்கும்படி கேட்டார்கள். அன்றைய விதி அன்றைக்கு விதிதானே என்பது ஒரு வாதம். நேற்றுக் குற்றமாக இருந்தது இன்று தொழிலாகிவிட்டால், நேற்றைய தண்டனையை என்ன செய்வது என்பது இன்னொரு வாதம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே தம் விளையாட்டாளர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் ஆண்டு உச்சவரம்பு ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர்.

பணம் வந்தபின் அந்தக் குட்டிப் பதக்கத்துக்கு மவுசு குறைந்திருக்கும் என்று நினைக்கலாம். 2019க்குப் பிறகு 2024 வரை ஒஹாயோவுக்கு அது வாய்க்கவில்லை. 2020இல் கோவிட் காரணமாக ஆட்டமே நடக்கவில்லை. 2021, 2022, 2023 மூன்று ஆண்டும் மிச்சிகன் வென்றது. 2024 நவம்பர் 30 அன்று சொந்த அரங்கிலேயே 13க்கு 10 என்று மறுபடியும் தோல்வி. அந்தத் தோல்விக்குப் பிறகு அதே அணி நாட்டின் மற்ற பெரிய அணிகளை வரிசையாகச் சாய்த்து, 2025 ஜனவரி 20 அன்று நோட்ரடாம் அணியை 34க்கு 23 என்று வென்று தேசியப் பட்டத்தைப் பிடித்தது. 2021இல் சேர்ந்து அன்றோடு விடைபெற்ற மூத்த மாணவர்களிடம் இப்போது தேசிய வெற்றியாளர் மோதிரம் இருக்கிறது, பேசி வாங்கிய விளம்பரப் பணமும் இருக்கிறது. தங்கக் கால்சட்டை ஒன்றுகூட இல்லை.